மாலை விளக்கு நூராமல்: இறைநம்பிக்கையை அன்றாடம் காத்துக்கொள்வதற்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள ஆரையம்பதி. வடக்கே காத்தான்குடி தொடங்கிவிடும். பொழுது சாயும்போது அங்குள்ள பள்ளிவாசல்களிலிருந்து எழும் மஃரிப் பாங்கு எங்கள் முற்றம் வரைக்கும் தெளிவாகக் கேட்கும். என் அம்மா ஒருநாளும் கடிகாரம் பார்த்து விளக்கேற்றியதில்லை. பாங்கொலி காதில் விழுந்ததும் அடுப்படி வேலையை அப்படியே விட்டுவிட்டு, கைகால் முகம் கழுவி, நனைந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சாமியறைக்குள் போவார். 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன மறுநாள் மாலையிலும், விழுந்து கிடந்த தென்னையிலிருந்து காய் ஒன்றை எடுத்து உடைத்து, அந்தத் தேங்காய்ப் பாதியில் எண்ணெய் விட்டுத் திரியிட்டவர் அவர்.

அம்மா காலமானபோது, வழக்கப்படி துடக்கு (தீட்டு) நாட்களில் சாமியறையைப் பூட்டி, குத்துவிளக்கைத் துணியில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தோம். முப்பத்தோராம் நாள் வீடு கழுவினோம்; அமுது கொடுத்தோம்; வந்த சொந்தங்கள் போயின. விளக்கை மட்டும் ஒருவரும் கீழே இறக்கவில்லை. அண்ணன் ஏற்றுவார் என்று நான் நினைத்தேன்; நான் ஏற்றுவேன் என்று அவர் நினைத்திருந்தார். இனிமேல் விளக்கு வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்காத வீட்டில் எட்டு மாதம் விளக்கு எரியவில்லை.

சூறாவளியால் நூர்க்க முடியாத விளக்கு இப்படித்தான் நூர்ந்தது. பிள்ளைகளுக்குச் சமயம் கற்பிக்கும் அறநெறிப் பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்து, பல வீடுகளுக்குப் போய்வந்த பிறகு, பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது இதுவே என்று கண்டுகொண்டேன். ஏதோ ஒரு காரணத்தால் வழிபாடு சில நாள் நிற்கிறது. மீண்டும் தொடங்குவதற்கு ஆளில்லாமல் போகிறது. வெறுமையான அந்த இடத்துக்குள் பயமும் வதந்தியும் மனக்கசப்பும் குடியேறுகின்றன. அதைத் திருத்துவதற்கும், மீண்டும் நேராமல் காப்பதற்கும் நான் அறிந்த வழிகளைப் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன். சைவக் குடும்பங்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன் என்றாலும், பிற சமயத்தவரும் தமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

முதற் படி: எங்கே நின்றது என்று தேடுதல்

கொப்பி ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டில் கடைசியாக ஒழுங்காக வழிபாடு நடந்த காலம் எது, அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். "நேரமில்லை" என்று எழுதிவிட்டு எழுந்துவிட வேண்டாம். நேரமின்மை எப்போதும் இருந்ததுதான். மரணத் துடக்கா, பிள்ளையின் பரீட்சையா, வீடு கட்டும் வேலையா, கோயில் நிருவாகத்தோடு வந்த சண்டையா, கணவரின் குடியா, கிழமைதோறும் வந்து வாசலில் நிற்கும் கடன்காரரா என்று குறிப்பாகத் தேடுங்கள். கடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் தவிக்கும் பெண்கள் பலர், கடன் கொடுத்த குழுவின் ஆட்களைக் கோயிலில் சந்திக்க நேருமே என்ற வெட்கத்தினால் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பக்தி குறைந்துவிட்டது என்று சொல்வது பெரும் பிழை. அவர்கள் வேறு நேரத்திலோ வேறு ஊர்க் கோயிலிலோ வழிபடட்டும். கூடப் போவதற்கு நீங்கள் முன்வாருங்கள்.

காரணம் தெரிந்தால் எங்கே மருந்திட வேண்டும் என்பதும் தெரியும். சண்டையால் நின்ற வழிபாட்டை நேர அட்டவணை போட்டுத் திருத்த முடியாது.

இரண்டாம் படி: ஒரு நேரத்தை மீட்டெடுத்தல்

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளைக்கும் திட்டமிட்டுத் தொடங்குவோர் இரண்டாவது கிழமையிலேயே களைத்துவிடுகிறார்கள். மாலை விளக்கு ஒன்றை மட்டும் முதலில் மீட்டெடுங்கள். பொழுதுபடும் வேளை எங்கள் பகுதியில் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்குச் சற்று முன்பின்னாகவே இருப்பதால், அதை நினைவில் வைப்பது எளிது. பத்து நிமிடம் போதும்.

வேலையை வியாழக்கிழமையில் தொடங்குவது நல்லது. வெள்ளிக்கிழமையில் விளக்குத் துலக்குவதில்லை என்பது பெரியோர் வழக்கம். பித்தளை விளக்கில் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். முதலில் அதைப் பழந்துணியால் வழித்தெடுங்கள். பிறகு பழப்புளியைச் சிறிது நீரில் ஊறவைத்து, கோதோடும் நாரோடும் சேர்த்துத் தேய்த்து, அதன்மேல் சலித்த அடுப்புச் சாம்பலைத் தொட்டு மீண்டும் தேய்த்தால், பச்சைக் களிம்பு கழன்று பித்தளை மஞ்சளாக எழும். திரிக்குழிகளுக்குள் ஈர்க்குக் குச்சியில் துணி சுற்றிவிட்டுத் துடையுங்கள். கழுவிய விளக்கை வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் திரி பொரிந்து நூர்ந்துவிடும். வீட்டில் இளையவர் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் விளக்கைத் துலக்கியவன் அண்ணனின் மகன். அதன் தண்டில் அம்மாவின் விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்திருந்த இடத்தை எங்களுக்குக் காட்டியவனும் அவன்தான்.

ஏற்றும் வேளையில் கைத்தொலைபேசிகளைச் சாமியறைக்கு வெளியே, வேறோர் அறையில் வைத்துவிடுங்கள். ஒலியை நிறுத்தி மடியில் வைத்திருப்பது போதாது. கிழக்கையோ வடக்கையோ நோக்கி நின்று, திருநீற்றை நிலத்தில் சிந்தாமல் வலக்கையின் நடு மூன்று விரல்களால் எடுத்து, ஐந்தெழுத்தைச் சொல்லி நெற்றியில் பூசுங்கள். அதன் பிறகு தேவாரம் ஒன்றைப் பாடுங்கள். பாட வராதவர் வாசிக்கலாம். வாசிக்கவும் முடியாதவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். முதல் மூன்று கிழமைகளுக்கு எதையும் கேட்டு வேண்டாதீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. நீண்ட நாள் போகாத உறவினர் வீட்டுக்குப் போய் முதல் நாளிலேயே காசு கேட்பதில்லை அல்லவா?

ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முன்பே பேருந்து ஏறி இருட்டிய பின் வீடு திரும்பும் பிள்ளைகளும், வாவியில் இரவு வலை போடுபவர்களும் இந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் ஒருவர் அவர்களது பெயரைச் சொல்லி ஏற்றட்டும். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் எங்கள் பெண்களின் நிலை இதைவிடக் கடினமானது. விளக்கும் இல்லை, படமும் இல்லை, வெளிப்படையாகக் கும்பிடவும் வழியில்லை. அவர்களுக்கு நான் மண்டூர் முருகனைத்தான் நினைவூட்டுவேன். கதிர்காமத்தைப் போலவே மண்டூரிலும் திரைக்கு முன்னால் நின்றுதான் கும்பிடுகிறோம். உள்ளே இருப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. கண்ணால் காணாத ஒன்றின் முன்னால் அரோகரா என்று உருகும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு, அந்நிய வீட்டுச் சமையலறையில் கண்ணை மூடிக்கொள்வது புதிய பாடமாக இராது.

மூன்றாம் படி: பயத்தை வாசலிலேயே நிறுத்துதல்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது என்பது என் முடிவு. மட்டக்களப்பு என்றதும் மந்திரமும் மாந்திரீகமும் என்று வெளியூரார் பேசுவதைக் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பேச்சை நாங்களும் நம்பத் தொடங்கியதால், வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றாலோ, கலியாணம் தள்ளிப்போனாலோ, கடையில் வியாபாரம் படுத்தாலோ, முதலில் மனத்துக்கு வருவது யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்ற எண்ணம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், பதினாறு வயதுப் பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தாள். மை போட்டுப் பார்த்தவர், வீட்டு நிலத்தில் தகடு புதைத்திருக்கிறது என்றார். யார் செய்தது என்று கேட்டபோது பெயர் சொல்லவில்லை. "இரத்த உறவு, பெண், உங்கள் வீட்டுக்கு வடக்கே இருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். வடக்கே இருந்தது தகப்பனின் கூடப்பிறந்த அக்காவின் வீடு. கழிப்புக் கழிப்பதற்குத் தாயின் காப்பு அடைவுக்குப் போனது, தேசிக்காய் வெட்டினார்கள், முற்றத்தைத் தோண்டினார்கள். கடைசியில் ஆசுப்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது, பிள்ளைக்குக் கடுமையான இரத்தச்சோகை என்று தெரியவந்தது. மருந்தில் பிள்ளை தேறினாள். ஆனால் அந்தப் பிள்ளையும் தகப்பனின் அக்காவும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் இப்போதும் விளக்கெரிகிறது; காவலுக்கு எரிகிறது. கும்பிடும்போது அந்தத் தாயின் கண் வாசலை நோக்கித் திரும்பித் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இது. உடம்பிலோ மனத்திலோ நோய் கண்டால் முதலில் வைத்தியரிடம் போங்கள். மனநோய் என்றால் வெட்கம் வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் அதற்கென்றே உளநலப் பிரிவு இருக்கிறது. குறி கேட்க வேண்டும் என்று மனம் துடித்தால் மூன்று நாள் பொறுத்திருங்கள். அந்த மூன்று நாளும் மாலை விளக்கின் முன்னால் அந்தக் கவலையை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகும் போவதென்றால் தனியே போகாமல், நிதானமான பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். யாராவது உங்கள் உறவினரையோ அயலவரையோ குற்றவாளியாகச் சுட்டினால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பெருந்தொகை கேட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

அம்மம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுக் கண்ணூறு கழிப்பதை நான் இதோடு சேர்க்கவில்லை. அதில் யார்மீதும் பழியில்லை. பிள்ளைமீது கொண்ட அன்பு மட்டுமே இருக்கிறது.

நான்காம் படி: காதையும் விரலையும் காத்தல்

முன்பெல்லாம் கோயில் வெளிமண்டபத்தில் புறணி பேசுவார்கள். இப்போது அது வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. அதைவிடக் கொடியது, பிற சமயத்தவரை இழிவுபடுத்தும் காணொளிகளைப் பக்தி என்ற பெயரில் பரப்புவது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வந்த நாட்களில் என் கைத்தொலைபேசிக்கு வந்த செய்திகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றை வாசித்துவிட்டு விளக்கேற்றப் போன மாலைகளில் பாங்கொலி கேட்டபோது என் மனம் இறுகியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அம்மாவை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விளக்குக்கு அழைத்த அதே ஒலி அது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மாலை ஐந்து மணிக்குப் பின் குழுச் செய்திகளைத் திறப்பதில்லை, எந்தச் சமயத்தையும் பழிக்கும் எதையும், உண்மை போலத் தோன்றினாலும், அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. பிறர் சமயத்தை வெறுக்கக் கற்றுக்கொடுப்பதால் தன் சமயத்தில் பற்று வளரும் என்று நினைப்பவர்களின் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வெறுப்பு நிறைய வருகிறது, ஒரு தேவாரமும் முழுதாக வருவதில்லை.

ஐந்தாம் படி: கோயிலையும் கோயில் வழக்கையும் வேறாக்குதல்

குடி (குலப்பிரிவு) முறைப்படி திருவிழா உபயம் நடக்கும் எங்கள் கோயில்களில், கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரின் தெரிவிலும், யாருக்கு முதல் மரியாதை என்பதிலும் பூசல் வருவதுண்டு. அவமானப்பட்டவர் "இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். சொன்ன வாயால் திரும்பப் போக முடியாமல் ஆண்டுகள் கழிகின்றன. மனக்குறை நியாயமானதாகவே இருக்கலாம். அதைக் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள். ஆனால் அந்த வழக்குக்கும் உங்கள் கும்பிடுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

இதற்கு எளிய வழி, திருவிழா இல்லாத நாளில் போவது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் தேரோட்ட நாளில் வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் நிற்பது ஒரு பேறு. அதே கோயிலில் கூட்டமில்லாத சாதாரண நாளொன்றில், பறங்கியர் முன்னால் புல் உண்டதாக ஊர் சொல்லும் கல் நந்தியின் பக்கத்தில் அரை மணிநேரம் தனியே உட்கார்ந்திருப்பது வேறொரு பேறு. அங்கே மரியாதை கொடுப்பாரும் இல்லை, பறிப்பாரும் இல்லை. முடிந்தால் கையால் செய்யும் ஒரு தொண்டை ஏற்றுக்கொள்ளுங்கள். வீதி கூட்டலாம், பூமாலை கட்டலாம், பாத்திரம் கழுவலாம். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லப்படாத தொண்டாக அது இருக்கட்டும்.

ஆறாம் படி: துயரக் காலத்துக்கு முன்னேற்பாடு

துடக்கு வரும் முன்பே, அது கழிந்த நாளில் விளக்கை ஏற்றப்போவது யார் என்று வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். மரணத்தைப் பற்றி முற்கூட்டிப் பேசுவது அபசகுனம் என்று தயங்க வேண்டாம். எங்கள் வீட்டில் இதைப் பேசாமல் விட்டதால் வந்ததே அந்த எட்டு மாதம். பெயரைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவையுங்கள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து உறவினர் கலைவதற்கு முன்பே, அவர்கள் முன்னிலையிலேயே அவர் ஏற்றட்டும். துடக்கு நாட்களில் விளக்கும் கோயிலும்தான் விலக்கு. மனத்துக்குள் ஐந்தெழுத்தை நினைப்பதற்கு விலக்கு ஏதும் இல்லை.

இழப்பு பெரிதாக இருக்கும்போது இறைவன்மீது கோபம் வரும். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின், பிள்ளைகளை இழந்த தாய்மார் சாமிப் படங்களைத் திருப்பிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஊழ்வினை என்று விளக்கம் சொல்லப் போனவர்கள் நன்மை செய்யவில்லை. எங்கள் மரபு இதற்கு வேறொரு வழியை வைத்திருக்கிறது. வைகாசியில் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் பல ஊர்களிலும் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிறது. அங்கே பாடப்படுவது வழக்குரை. அரசன் செய்த அநீதியை அவன் முன்னாலேயே நின்று கேட்டு, சினந்து, ஊரை எரித்த ஒரு பெண்ணை நாம் தெய்வமாக வைத்திருக்கிறோம். அவளது சினம் தணியக் குளிர்த்தி பாடுகிறோம். சினந்தவளை யாரும் கோயிலுக்கு வெளியே நிறுத்தவில்லை. ஆகவே கோபம் கொண்டவர் தம் வழக்கை இறைவன் முன்னால் உரக்கவே சொல்லட்டும்; படத்தைத் திருப்பிவைத்தவர் திருப்பியே வைத்திருக்கட்டும். அந்த வீட்டில் விளக்கை வேறொருவர் ஏற்றினால் போதும்.

இறந்தவர்களுக்காக அழுவதற்கென்றே ஆண்டில் ஒரு நாளும் இருக்கிறது. ஆடி அமாவாசையில் மாமாங்கேசுவரர் தீர்த்தக் குளத்திலும் திருக்கோவில் கடற்கரையிலும் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக நிற்கும்போது, தன் துயரம் தன் வீட்டுக்கு மட்டும் வந்தது என்ற எண்ணம் கொஞ்சம் தளர்கிறது. கல்லடி திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் கடல்கோளில் சரிந்தது. சரிந்த அந்தக் கோபுரத்தின் அருகிலேயே மக்கள் தொடர்ந்து கும்பிட்டார்கள். துயரத்தில் இருப்பவரை ஒருநாள் மாலை அங்கே கூட்டிச் செல்லுங்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை.

ஏழாம் படி: பிள்ளைகளின் கேள்விகளுக்கு இடம்கொடுத்தல்

ஞாயிறு காலை வகுப்பா, அறநெறிப் பாடசாலையா என்ற இழுபறியில் பெற்றோர் பெரும்பாலும் தனியார் வகுப்பையே தெரிவுசெய்கிறார்கள். இதைவிடப் பாரதூரமானது, "சாமி குத்தம், கேள்வி கேட்காதே" என்று வாயை அடைப்பது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவியாவதற்கு முன் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று, அதையே படிப்பித்தவர். பிற்காலத்தில் பழந்தமிழ் இசையை ஆராயும்போதும் கணக்கிட்டும் அளந்தும்தான் பார்த்தார். அவரது சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளையை அங்கே கூட்டிப்போய் அவர் கதையைச் சொல்லுங்கள். விடை தெரியாத கேள்வியைக் கொப்பியில் எழுதி, யாரிடம் கேட்கலாம் என்று பிள்ளையோடு சேர்ந்து யோசியுங்கள்.

எட்டாம் படி: நேர்த்திக் கணக்கைத் தீர்த்தல்

செலுத்தாத நேர்த்தி மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கும். உறுத்தல் வளர்ந்தால் கோயிலுக்குப் போகவே பயமாகிவிடும். நினைவிலுள்ள நேர்த்திகள் அனைத்தையும் எழுதுங்கள். உகந்தை வழியாகக் காட்டுப் பாதையில் கதிர்காமத்துக்கு நடப்பதாக நேர்ந்தவர் இன்று முழங்கால் நோவோடு இருக்கலாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக நேர்ந்தவருக்குச் சர்க்கரை வருத்தம் காலில் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் கோயிற் பூசகரிடமோ கப்புகனாரிடமோ நிலைமையைச் சொல்லி, வேறு எப்படி நிறைவேற்றலாம் என்று கேட்டுச் செய்யுங்கள். வருத்தத்தை மறைத்துக்கொண்டு தீயில் இறங்காதீர்கள். இனிமேல் நேர்வதென்றால் உங்களால் அந்த ஆண்டுக்குள்ளேயே முடிக்கக்கூடிய சிறியதாக நேருங்கள்.

இவ்வளவையும் செய்தாலும் சில நாட்கள் விடுபடும். மழை வெள்ளத்தில் வீதி மூடும்; பிள்ளையோடு ஆசுப்பத்திரியில் இரவு கழியும்; சில மாலைகளில் காரணமே இல்லாமல் கை எழாது. விடுபட்ட நாட்களை எண்ணி அபராதம் போல இரட்டை விளக்கு ஏற்றவோ, விரதம் கூட்டவோ வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து விடுபட்டால் மட்டும், கொப்பியின் முதற் பக்கத்தில் பெயர் இருப்பவரை அழைத்துச் சொல்லுங்கள். அவர் வந்து ஏற்றட்டும். எங்கள் கொப்பியில் இருப்பது அண்ணன் மகனின் பெயர். அவன் இப்போது கல்முனையில் வேலை செய்கிறான். சென்ற மாதம் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னதும் பேருந்தில் வந்து இறங்கினான். பாங்கு சொல்லி முடிந்து சற்றுப் பிந்திவிட்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனான்.